காதோடு சேர்த்து ஒரு சதுரம்

என் செல்லப் பகையாளி, ஒரே அண்ணன் வேலுவுக்கு,

உன் தங்கச்சி அமுதா எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவளெல்லாம் கடுதாசி எழுதுகிறாளா என்று சிரிக்காதே. எழுத்துப் பிழையைத் திருத்த என் மகள் பவித்ரா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். விஷயத்தை யாராலும் திருத்த முடியாது. திருத்த நான் விடவும் மாட்டேன்.

நீ போய் நேற்றோடு ஒரு வருஷம். உன் வீட்டுக் கூடத்தில் உன் படத்தை மாட்டியாயிற்று. மாலை, சந்தனம், குங்குமம், ஊதுபத்தி எல்லாம் ஆயிற்று. படத்தில் எப்படி இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ள உனக்கு அரிப்பெடுக்கும். ஆரணியில் பாதிப் பேர் மூஞ்சியை "கொஞ்சம் இப்படித் திருப்புங்க, தாடைய எறக்குங்க" என்று பிடித்துத் திருப்பியவன் அல்லவா நீ? சொல்கிறேன், மெதுவாகச் சொல்கிறேன். இருபத்திரண்டு வருஷம் நான் பொறுத்தேன். நீ ஒரு கடுதாசி நேரம் பொறுக்க மாட்டாயா?

முதலில் பழைய கதை. உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் உன் வாயால் ஒரு நாளும் ஒத்துக்கொள்ளாதது. இதைப் படிக்கிற நாலு பேருக்கும் தெரியட்டும்.

உன் ஸ்டூடியோவில் நீ எடுத்த குடும்பப் படம். நாற்காலியில் அம்மா, அரக்கு நிறப் பட்டுப் புடவையில். அந்தப் பக்கம் உன் பொண்டாட்டி சரோஜா அண்ணி, கல்யாணமான புதிது. இந்தப் பக்கம் நான், அம்மாவின் வலது தோளில் கையை வைத்துக்கொண்டு. நீ கேமராவுக்குப் பின்னால். எப்போதுமே நீ பின்னால்தான்.

அடுத்த வருஷம் நான், செய்யார் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகிற பஸ்ஸை ஓட்டும் ரவியைக் கட்டிக்கொண்டேன். நம்ம சாதி இல்லை. தெருவே கத்தியது. நீ மட்டும் கத்தவில்லை. நல்லவன் என்று நினைத்தேன், பார். நீ பேசாமல் அந்தப் படத்தை பிரேமிலிருந்து உருவினாய். கடையில் போட்டோ வெட்டுகிற கட்டரில் வைத்தாய். ஒரே இழுப்பு. நான் நின்ற பக்கம் ஒரு பட்டையாகக் கீழே விழுந்தது. மிச்சம் நின்றது சரியான சதுரம்.

"சதுரந்தான் முகத்துக்கு மரியாதை" என்று கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையடிப்பாயே, அந்த மரியாதை.

ஆனால் கோபத்தில் ஒன்றை மறந்துவிட்டாய் அண்ணா. நான் விழுந்துவிட்டேன். என் நாலு விரல் விழவில்லை. அது அம்மா தோளிலேயே உட்கார்ந்திருந்தது, நகம் கோணிய ஆள்காட்டி விரலோடு. அந்த நகத்தைக் கோணலாக்கியது யார்? நீ தறி ஓட்டப் பழகியபோது தறியிலிருந்து பறந்து வந்த நாடாக்கட்டை. அன்றோடு நீ தறியை விட்டு கேமராவைப் பிடித்தாய். நான் அந்த விரலோடுதான் இன்றைக்கும் நெய்கிறேன்.

என் விரலை மறைக்க என்ன செய்தாய்? படத்தில் பரு, தழும்பு மறைக்கிற சின்ன பிரஷ்ஷை எடுத்தாய். என் நாலு விரல் மேலேயும் தங்கக் கலரில் ஜரிகைக் கரை வரைந்தாய். அழகாகத்தான் வரைந்தாய், கைவேலைக்காரன். கூடத்தில் திரும்ப மாட்டினாய்.

மாட்டிய மறுநாள் எதிர்வீட்டு கோபால் மாமா வந்தார். ஊரிலேயே நக்கல் பிடித்த தறிக்காரர். படத்தை ஒரு பார்வைதான் பார்த்தாராம்.

"இன்னாடா வேலு, உங்கம்மா புடவைக்கு ரெண்டு முந்தியா? எடது தோள்லயும் கரை ஓடுது, வலது தோள்லயும் கரை ஓடுது. எந்தத் தறியில நெய்ஞ்சது, சொல்லேன்? எங்கூட்டுக்காரிக்கும் ஒண்ணு நெய்றேன்."

வேறு ஊராக இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நம்ம ஊரில் புடவையைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்கிறவன் யார்? முந்தி இடது தோளில்தான் விழும், வலது தோளில் ரவிக்கைதான் தெரியும் என்பதை ஒரு தறிக்காரர் மகன் மறந்துபோனானே! அன்றிலிருந்து அந்தப் படத்துக்கு "ரெண்டு முந்தி" என்றே பேர் விழுந்தது. மார்க்கெட்டில் உன்னைப் பார்த்தால் ஆளுக்கு ஒரு தரம் தோளைத் தொட்டுக் காட்டுவார்கள். கேட்டு நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டு ஏன் அழுதேன் என்று ரவி கேட்டார். அடுப்புப் புகை என்று சொன்னேன். எங்கள் வீட்டில் அப்போதே கேஸ் அடுப்பு.

அம்மா போனபோது அதே படத்திலிருந்துதான் அம்மாவைத் தனியாக எடுத்து பேனர் அடித்தாய். தெருமுனையில் ஆள் உயரத்துக்கு அம்மா. அந்த வலது தோளில் ஆள் கை அகலத்துக்கு ஜரிகை. எல்லோரும் அம்மா முகத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் மட்டும் அந்த ஜரிகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே என் விரல் இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? காரியம் முடிந்ததும் அண்ணி நின்ற பக்கத்தையும் வெட்டி, அம்மா மட்டும் இருக்கிற சின்னச் சதுரமாகத் திரும்பக் கூடத்தில் மாட்டினாய்.

"அந்த நெகட்டிவ் இருந்தா முழுசா ஒண்ணு போட்டுக் குடுண்ணா" என்று உன்னிடம் எத்தனை தரம் கேட்டேன்? "நெகட்டிவ் இல்ல, பூஞ்சக் காளான் புடிச்சிட்ச்சி" என்பாய், கண்ணைப் பார்க்காமல். உண்மையிலேயே இல்லையா அண்ணா? இப்போதாவது சொல்லேன்.

சரி, இனி என் முறை.

நீ போன அன்றைக்கு உனக்கு பேனர் அடிக்க ஒரு படம் இல்லை! தேடினார்கள், தேடினார்கள். கம்ப்யூட்டர் முழுக்க ஊரார் கல்யாணம், சீமந்தம், மஞ்சள் நீராட்டு. நீ எதிலும் இல்லை. கடைசியில் உன் ஆதார் அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கி அடித்தார்கள். ஐயோ, அந்த மூஞ்சி! ஆடு திருடி அகப்பட்டவன் மாதிரி முழித்துக்கொண்டு நின்றாய். ஊரையே அழகாகக் காட்டியவனுக்கு வந்த கதியைப் பார் என்று மனசுக்குள் சிரித்தேன். சிரிப்பு வெளியே வராமல் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேன் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அதுவும் உண்மைதான்.

போன மாதம் அண்ணி என் வீட்டுக்கு வந்தாள். நான் தறியில் இருந்தேன். நின்றபடியே பேசினாள்.

"வருஷத் திவசம் வருது அமுதா. அந்த ஆதார் படத்த வச்சிக்கினு கும்பிட எனக்கு மனசே வரல. உங்கிட்ட அவரு சிரிச்சிகினு இருக்கிற படம் ஒண்ணு கீதாமே?"

"கீதுங்க அண்ணி. ஆனா அது ஷேக் ஆன படமாச்சே. ஒங்க வூட்டுக்காரரே சொன்னாரு."

அந்தப் படம் உனக்கு ஞாபகம் இருக்கும். பவித்ராவுக்குக் காது குத்தியபோது எடுத்தது, படவேடு ரேணுகாம்பாள் கோயிலில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். அம்மா உன் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, மொட்டை வெயிலில் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தாள். நீ கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வந்தாய். கேமரா இருந்தால் ஒளிந்துகொள்ளலாமே. ஆனால் மாமன் மடியில் குழந்தை என்றால் கேமராவை யார் பிடிப்பது? வேறு வழியில்லாமல் ரவியிடம் நீட்டினாய். உன் மச்சானிடம் நீ பேசிய முதல் பேச்சு என்ன தெரியுமா? "இந்தப் பட்டன அமுக்கு. ஆட்டாத."

ஆசாரி ஊசியை எடுத்தார். பிள்ளை வீல் என்று கத்தியது. பிள்ளையைவிட நீ பயந்து கண்ணை மூடிக்கொண்டாய். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குறும்பு வந்ததோ, பின்னாலிருந்து கையை நீட்டி உன் காதைப் பிடித்து ஒரு திருகு திருகினேன். "ஆசாரி, மாமனுக்கும் சேர்த்துக் குத்திடுங்க" என்றேன். நீ "ஆ" என்று தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தாய். ரவி பட்டனை அமுக்கிவிட்டார். ஆட்டவில்லை.

அந்தச் சுருளைக் கழுவி எல்லாப் படத்தையும் ஆல்பத்தில் ஒட்டி சீராகக் கொடுத்தாய். அந்த ஒரு படத்தை மட்டும் ஒளித்துவிட்டாய். "ஷேக் ஆயிட்ச்சி" என்றாய். ஆனால் உன்னைப் பெற்றவள் உன்னைவிடக் கெட்டிக்காரி. கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்த நாளில், மேசை இழுப்பறையிலிருந்து அதை எடுத்து இடுப்புப் புடவை மடிப்பில் செருகி என்னிடம் கொண்டுவந்தாள். "சிரிக்கிறான் பாருடி. வச்சிக்க" என்றாள்.

அப்படிப் பார்த்தால், நீ சிரித்ததற்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே அத்தாட்சி என்னிடம்தான் இருந்தது. உன் குடும்பத்துக்கு நீ வேண்டும் என்றால் என் வாசலுக்கு வர வேண்டும். இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

பத்து நாள் அலைய விட்டேன். பீரோ சாவி காணோம் என்றேன். கரையான் அரித்திருக்கும் என்றேன். நெகட்டிவ் பூஞ்சக் காளான் பிடித்துவிட்டது என்றுகூடச் சொன்னேன். அண்ணிக்கு அது புரிந்தது. முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்கு எனக்கு இரண்டு கவளம் சோறு கூடுதலாக இறங்கியது. நான் ஒன்றும் சாமி இல்லை அண்ணா.

பதினோராம் நாள் அண்ணி நேராகச் சொன்னாள். "குடுத்தா குடு, குடுக்காட்டி போ. ஆனா உன்ன கட் பண்ணித்தான் ஆவணும். உசிரோட இருக்கறவ படத்துக்கு மாலை போட முடியுமா? தப்பா நெனச்சிக்காத. சதுரமா வேணும். உங்கம்மா படத்துக்குப் பக்கத்துல மாட்டணும்."

"தப்பா நெனைக்க இன்னா கீது அண்ணி? கட் ஆவறது எனக்குப் பழக்கந்தானே. ஆனா ஒண்ணு. இந்தத் தபா கட்டம் போடறது நான்."

பவித்ரா படத்தைப் போனில் எடுத்தாள். எதையோ தட்டினாள், படத்தின் மேல் ஒரு வெள்ளைக் கட்டம் வந்தது. இழுத்தால் நகர்கிறது. உள்ளே இருப்பது நிற்கும், வெளியே இருப்பது இருட்டாகிவிடும். நீ கட்டரை வைத்துக்கொண்டு செய்ததை இன்றைக்கு விரலாலேயே செய்கிறார்கள். எந்த விரலால் செய்தேன் என்று நான் சொல்ல வேண்டுமா?

முதலில் கட்டத்துக்குள் என் முகம் முழுசாக வந்தது. மாலை போட முடியாது. கொஞ்சம் இழுத்தேன். என் ஒரு கண்ணும் பாதி மூக்கும் நின்றது. "அம்மா, மாமா மேல பேய் எறங்குற மாதிரி கீறம்மா" என்று பவித்ரா சிரித்தாள். இன்னும் இழுத்தேன். நான் மொத்தமாக இருட்டுக்குப் போனேன். கட்டம் உன் கன்னத்தை ஒட்டி நின்றது, உன் காது வெளியே போய்விட்டது. காதறுந்த நீ. அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். பிடித்திருந்தது. அம்மா தோள்மேல் ஜரிகை பூசினாயே, உனக்குக் காதே வேண்டாம் என்று பார்த்தேன்.

ஆனால் அப்படி வெட்டினால் கதை முடிந்துவிடும் அண்ணா. எனக்கு முடிய வேண்டாம்.

கட்டத்தைக் கொஞ்சம் திரும்ப இழுத்தேன். காது வந்தது. காதைப் பிடித்த விரல் வந்தது. கட்டை விரல், கோணல் நகத்தோடு ஆள்காட்டி விரல், மணிக்கட்டில் ஒரே ஒரு சிவப்பு வளையல். அங்கே நிறுத்தினேன். நாலு பக்கமும் ஒரே அளவு. உனக்குப் பிடித்த சதுரம். முகத்துக்கு மரியாதை.

பிரேம் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இந்தக் கைய எடுத்துடலாம்க்கா. ஒரு தட்டு தட்டினா போயிடும், ஜல்தியா முடிச்சிடலாம்" என்றார். அண்ணி பக்கத்திலேயே இருந்தாள். நீ ஒரு மத்தியானம் முழுக்க பிரஷ் பிடித்துச் செய்ததை அவர் ஒரு தட்டில் செய்துவிடுவார். அண்ணி தலையாட்டிவிட்டால் முடிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அது அவள் புருஷன், அவள் வீட்டுச் சுவர்.

"எடுங்க பாக்கலாம்" என்றாள் அண்ணி.

தட்டினார். விரல் போயிற்று. வளையல் போயிற்று. காது மொழுமொழுவென்று புதுசாக முளைத்தது. நீ மட்டும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கண்ணை இடுக்கி, வாயைப் பிளந்துகொண்டு யாரும் இல்லாத இடத்தில் நின்றாய். அண்ணி வெகுநேரம் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். தூர வைத்துப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, கழுத்து சுளுக்கிக்கினவரு மாதிரி கீறாரு?"

கடைக்காரர், "தலைய நேராக்கிப் பாக்கட்டுமா?" என்றார். நேராக்கினார். சுளுக்கு வாய்க்குப் போயிற்று. பவித்ரா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. அண்ணி சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"விரல் இருக்கட்டும்ப்பா" என்றாள். "அது இல்லாங்காட்டி இது அவரு மூஞ்சியே இல்ல."

கேட்டாயா? நான் சொல்லவில்லை. உன் பொண்டாட்டி சொன்னாள். அம்மா படத்தில் என்னை எடுத்தபோது அம்மா முகம் மாறவில்லை, உன்னால் முடிந்தது. உன் படத்தில் என்னை எடுத்தால் நீ கோணிக்கொள்கிறாய். இதற்கு எந்தப் பிரஷ்ஷும் கிடையாது.

நேற்று ஊர் சனமெல்லாம் வந்தது. கூடத்தில் இரண்டு சதுரம், பக்கத்தில் பக்கத்தில். ஒன்று ரெண்டு முந்தி அம்மா. இன்னொன்று காது மாட்டிக்கொண்ட நீ. கோபால் மாமாவுக்கு இப்போது கண் மங்கல். ஆனாலும் படத்துக்கு ஒரு சாண் கிட்டே போய் மூக்கை வைத்துப் பார்த்தார்.

"யார் கை இது, வேலு காதப் புடிச்சிகினு கீது?" என்றார். பிறகு நகத்தைப் பார்த்தார். "அடியே அமுதா! புடிச்சிட்டியா?"

"புடிச்சிட்டேன் மாமா."

"கெட்டியா?"

"கெட்டியா."

கிழவர் சிரிக்க ஆரம்பித்ததும் கூடமே சிரித்தது. திவசத்து வீட்டில் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அண்ணி மாலையை எடுத்துக்கொண்டு வந்தாள். நல்ல கனமான மாலை, இரண்டு பக்கமும் தொங்கியது. தொங்கியது சரியாக உன் காதின் மேல். என் விரல் மொத்தமும் மறைந்துபோயிற்று. அம்மா தோளில் ஜரிகை, இங்கே பூ. செத்த பிறகும் ஜெயித்துவிட்டானே பாவி என்று நினைத்தேன்.

கோபால் மாமாதான் கத்தினார். "ஏ சரோஜா! இன்னா வேலை பண்ற? உசிரோட இருக்கறவ கைமேல மாலை படலாமா? எடு, எடு, ஒதுக்கிப் போடு!"

அண்ணி பதறிப்போய் மாலையைத் தூக்கினாள். அந்தப் பக்கத்துச் சரத்தைப் பிரேமுக்கு வெளியே தள்ளினாள். நிற்கவில்லை, திரும்பத் திரும்பச் சரிந்தது. சின்ன ஆணி ஒன்று கேட்டு வாங்கி, சுவரில் அடித்து, அதில் மாலையை ஒதுக்கி மாட்டினாள். என் விரல் வெளியே வந்தது. கோணல் நகம், சிவப்பு வளையல், எல்லாம் பளிச்சென்று.

எந்த வழக்கத்தைச் சொல்லி என்னை வெட்டச் சொன்னார்களோ, அதே வழக்கம் எனக்காக ஒரு ஆணி அடித்துவிட்டது. நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் அந்த ஆணி இருக்கும். ஒவ்வொரு வருஷமும் உனக்கு மாலை போடும்போது என் விரலுக்கு வழி விட்டுத்தான் போட வேண்டும். உன்னைக் கும்பிடுகிற ஒவ்வொருவரும் "இது யார் கை?" என்று கேட்பார்கள். யாராவது ஒருவர் கதையைச் சொல்வார்கள். வெட்டிய கதை, ஜரிகை வரைந்த கதை, ரெண்டு முந்திக் கதை, எல்லாம். நீ ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அண்ணி இன்னொன்றும் கேட்டாள். "அத்தை படத்துல அந்த ஜரிகைய வேணும்னா தொடச்சிப் பாக்கலாமா அமுதா? பஞ்ச நனச்சி?" வேண்டாம் என்றுவிட்டேன். அது உன் கைவேலை. பக்கத்தில் நான் செய்ததும் தொங்குகிறது. இரண்டையும் ஊர் பார்க்கட்டும்.

ஒரு நாள் நானும் அங்கே வருவேன். அன்றைக்கு இங்கே அந்த ஆணியைப் பிடுங்கிவிட்டு என் விரல்மேலும் சேர்த்து மாலை போடுவார்கள். அன்றைக்காவது என் பிடியிலிருந்து தப்பித்துவிடலாம் என்று நாளை எண்ணிக்கொண்டிருக்காதே. வந்ததும் அம்மாவின் வலது தோளில் கையை வைத்துக்கொண்டு நிற்பேன், நீ கேமராவுக்குப் பின்னால் போகக் கூடாது, இந்தப் பக்கம் வந்து நிற்க வேண்டும். இன்னொரு கை உன் காதில்தான் இருக்கும். அதை விடப்போவதில்லை. சத்தியமாக விடப்போவதில்லை.

உன் காதைப் பிடித்த பிடியில்,
உன்னால் நகம் கோணிய உன் தங்கச்சி,
அமுதா